தணலைப் பழக்குவோம்

நம் இளைஞர் சிலர் விடுமுறையில் 'டச்சு அவன்' என்ற கனத்த வார்ப்பிரும்புப் பானையில் திறந்தவெளியில் சமைக்க ஆசைப்படுகிறார்கள். நல்லதே. பானை மேல்நாட்டது, 1707இல் இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் மூடிமேல் தணல் பரப்பி மேலும் கீழும் சூடேற்றும் முறை நமக்குப் புதிதன்று. நாம் சென்னைக்குப் போகும் ரயில் வழியிலுள்ள ஆம்பூரில் பிரியாணிக்குத் 'தம்' போடுவது அப்படித்தான்.

ரயில்வேயில் இரும்போடு பழகியவன் என்ற உரிமையில் சில சொற்கள். புதுப் பானையைக் கழுவித் துடைத்து, எண்ணெயை மெல்லிதாகப் பூசிச் சூடாக்குங்கள். இரண்டு மூன்று முறை பழக்கிய பின்பே சமையுங்கள். கொழுந்துவிடும் தீ வேண்டாம். விறகு தணலாகும்வரை பொறுங்கள். சூடான பானையில் குளிர்ந்த நீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். புளிக்குழம்பை அதிலேயே இரவு முழுதும் விடாதீர்கள். மூடிய அறையில் தணல் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும்.

விலையுயர்ந்த பானைக்கு அவசரமில்லை. முதலில் கற்க வேண்டியது தீயை. கேஸ் அடுப்பில் திருகினால் தீ அடங்கும். தணலுக்குக் கண்ணும் கையுமே அளவுகோல். வரும் பொங்கலுக்குச் சங்கத்தில் ஒரு விறகடுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் போதும். தீ மூட்டவும் அடக்கவும் அறியாத தலைமுறையை நாம் விட்டுச் செல்லலாகாது.