தெற்கே ஒரு சுவர்

தக்காளி விலை மறுபடி ஏறிவிட்டது. இந்த வாரம் அதைத்தான் எழுதுவதாக இருந்தேன். காய்கறிக்காரம்மா அரைக் கிலோவைத் தராசில் போடும்போது நகைக்கடைக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டதையும், எங்கள் வீட்டு ரசம் முழுக்கப் புளிக்குத் திரும்பியதையும் எழுதினாலே பக்கம் நிறைந்திருக்கும். நடுவில் மருமான் பெங்களூரிலிருந்து ஒரு விளக்கோடு வந்து இறங்கினான்.

"விலையைப் பத்திப் புலம்பாதீங்க மாமா. இதை மாட்டுங்க, செடிக்கு வெயிலே வேண்டாம்."

கவ்வி வைத்த எல்இடி விளக்கு. போட்டால் சினிமாப் பேய் வரும் காட்சி போல ஊதா வெளிச்சம். என் மொட்டைமாடியின் ஏழு தொட்டிகளை வாசகர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதில் இரண்டை மாடிப்படி அறைக்குள் வைத்து, பத்து நாள் ராத்திரி பகலாக விளக்கு எரிந்தது. இலைகள் திட்டுத்திட்டாக வெளிறின.

தக்காளிக்கு இருட்டும் வேண்டுமாம். இருபத்துநாலு மணி நேரமும் வெளிச்சம் காட்டினால் இலை மஞ்சளாகும் என்பது விஞ்ஞானிகளுக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷமாகத் தெரிந்த சங்கதி. காட்டுத் தக்காளிகள் சிலவற்றுக்கு அதைத் தாங்கும் மரபணு இருப்பதை நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் கண்டுபிடித்தார்கள். என் நாற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "குழந்தையையே தூங்கவிட்டாத்தான் வளரும்" என்று சொல்லிவிட்டு மனைவி விளக்கைப் பிடுங்கிப் பரணில் போட்டாள்.

வெளிச்சம் என்றதும் என் பழைய புகார் கிளம்பிவிடுகிறது. தோட்டப் புத்தகங்கள். 'தெற்குப் பார்த்த ஜன்னலோரம், ஆறிலிருந்து எட்டு மணி நேரம் முழு வெயில்.' எழுதியவர் லண்டன் பக்கத்து ஆசாமியாக இருக்கவேண்டும். அங்கே மதியச் சூரியன் வருஷம் பூரா தெற்கில்தான். தலைக்கு மேல் வந்ததே கிடையாது. சென்னையில் அப்படியா? ஏப்ரல் 24 வாக்கில் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போகிறது. ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்புகிறது. நடுவில் கிட்டத்தட்ட நாலு மாதம் தெற்கு ஜன்னலில் மதிய வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

'முழு வெயில்' என்பதும் அப்படித்தான். 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்கிறது. பிஞ்சு பிடித்தாலும் சூடு 30-க்கு மேலேயே நின்றால் சிவப்பு ஏறாமல் பழம் மஞ்சளாகவே உட்கார்ந்திருக்கும். இலை மறைக்காத பழத்தில் வெள்ளையாக வெந்த தழும்பு. அக்னி நட்சத்திரத்தில் எட்டு மணி நேரம் நிறுத்தினால் ரசம் தொட்டியிலேயே தயாராகிவிடும்.

சரி, என் மாடிக்கு வருகிறேன். தெற்கு வீட்டு வேப்பமரம் போன கதையை மூன்று வாரம் எழுதி ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவிருக்கலாம். அந்த இடத்தில் அடுக்குமாடி வந்து, எங்கள் மாடிக்கு மேலே இருபது அடி நிற்கிறது. போன மார்கழியில் மணிக்கொரு தரம் சாக்பீஸால் நிழலைக் கோடு போட்டேன். உச்சிவேளையிலேயே பதினைந்து அடி. சென்னையில் தக்காளி ஒழுங்காகக் காய்ப்பதே ராத்திரி கொஞ்சம் குளிரும் அந்த மாதங்களில்தான். சுவர் அப்போது பார்த்து மறைக்கிறது. சித்திரையில் பூவெல்லாம் உதிரும்போது தாராளமாக வழிவிடுகிறது.

இந்த ஆகஸ்ட் 18 அன்று, நிழலில்லா நாளைப் பார்த்தே தீருவதென்று ஒரு முழம் பிவிசி பைப்பை மாடியில் செங்குத்தாக நிறுத்தினேன். சூரியன் தலைக்கு நேராக வருவது 12 மணி 13 நிமிஷத்துக்கு. 12.05-க்கு மேகம். 12.11-க்கு விலகியது. பைப்பின் காலடியில் ஒரு விரற்கடை நிழல் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

எதிர்ச் சாரத்தில் வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பைப்பு லீக்கா?"

"நிழல் பாக்கறேன். இப்ப இருக்கக் கூடாது."

ஒரு கணம் யோசித்தவர், சாரத்திலிருந்து கைப்பிடிச் சுவருக்குக் கால் வைத்து இறங்கி வந்துவிட்டார். "பைப்பு சாஞ்சிருக்கு சார்." மடியிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துக் கையை நீட்டித் தொங்கவிட்டார். ஆட்டம் நின்றது. கயிற்றுக்குத் தனியாக நிழலே இல்லை. குண்டுக்கு நேர் கீழே பழைய எட்டணா அளவில் ஒரு கறுப்பு வட்டம். அவரும் நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அவர் கை நிழல் மட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. இரண்டு நிமிஷத்தில் வட்டம் நகர ஆரம்பித்தது.

"நாளையிலேர்ந்து உங்க சுவர் நிழல் என் பக்கம் சாயும்" என்று மார்கழிக் கோட்டைக் காட்டினேன். போன மழையில் பாதி அழிந்திருந்தது. மேஸ்திரி கோட்டையும் தான் பூசிய சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் முதல் தொட்டியின் விளிம்பைப் பிடித்தார். இரண்டு பேருமாக ஏழையும் கோட்டுக்கு அந்தப் பக்கம், வடக்குச் சுவரோரம் இழுத்து வைத்தோம்.

அங்கேதான் துணி காயப்போடும் கொடி இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்செடுக்கவில்லை.