ஆற்றின் இடம் ஆற்றுக்கே!

பொது நிலத்தில் குடியிருப்பு எழுப்பும் திட்டத்துக்கு உள்ளூர் மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும்போதெல்லாம் ஆட்சியாளர்களிடமிருந்து இரண்டு பதில்கள்தான் வருகின்றன. தொடக்கத்தில் "இன்னும் எதுவும் முடிவாகவில்லை" என்பார்கள். சில மாதங்கள் கழித்து "பணிகள் வெகுதூரம் நடந்துவிட்டன" என்பார்கள். இவ்விரண்டுக்கும் இடையே ஆட்சேபம் தெரிவிப்பதற்கான காலம் எப்போது வந்து எப்போது போனது என்பது மட்டும் மக்களுக்குத் தெரிவதே இல்லை. தில்லியில் யமுனைக் கரையில் எழுந்த காமன்வெல்த் விளையாட்டுக் கிராமம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

2010-ஆம் ஆண்டுப் போட்டிக்காக, அக்ஷர்தாம் கோயிலை அடுத்த நிலத்தில் 1,168 அடுக்குமாடி வீடுகளைக் கட்ட தில்லி வளர்ச்சி ஆணையம் தனியார் நிறுவனம் ஒன்றுடன் கைகோத்தது. சில நாள்கள் வீரர்கள் தங்குவார்கள். பிறகு வீடுகள் விற்கப்படும். இதற்காக ஆற்றோர நிலத்தின் உபயோகமே மாற்றப்பட்டது. 2006 டிசம்பரில் அனுமதி வழங்கிய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், கட்டுமானங்கள் நிரந்தரமாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. மறு ஆண்டே அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது.

2007 ஆகஸ்டில் கரையோர விவசாயிகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் யமுனை சத்தியாகிரகத்தைத் தொடங்கினர். வெள்ள நீரைத் தாங்கி, மணலுக்குள் இறக்கி, நிலத்தடி நீராகச் சேமிக்கும் நிலத்தைக் கான்கிரீட்டால் மூடாதீர்கள் என்பதே அவர்களது கோரிக்கை. 2008 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் இதைப் பரிசீலிக்க நிபுணர் குழு அமைக்க உத்தரவிட்டது. ஆனால், அந்த இடம் ஆற்றுப் படுகையும் அல்ல, வெள்ளச் சமவெளியும் அல்ல என்று கூறி 2009 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

இரண்டே ஆண்டுகளில், 2011 ஜனவரியில், அதே உச்ச நீதிமன்றம் பஞ்சாப் மாநிலம் பட்டியாலா மாவட்டத்தில் கிராமக் குளம் ஒன்றை ஆக்கிரமித்துக் கட்டப்பட்ட வீடுகள் தொடர்பான வழக்கில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. நெடுங்கால அனுபவமோ, பெரும் பொருட்செலவில் கட்டடம் எழுப்பியதோ, அரசியல் செல்வாக்கோ பொது நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளக் காரணமாகாது என்றது அந்தத் தீர்ப்பு. ஒன்று அனுமதி பெற்ற கட்டுமானம், மற்றொன்று ஆக்கிரமிப்பு என்ற வேறுபாட்டைச் சட்டம் பார்க்கலாம். வெள்ளம் பார்ப்பதில்லை.

2023 ஜூலை 13-ஆம் தேதி யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டி, 1978-ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் என்ற அளவைக் கடந்தது. தலைமைச் செயலகப் பகுதியும் செங்கோட்டைச் சுற்றுப்புறமும் நீரில் மூழ்கின. விளையாட்டுக் கிராமம் ஒன்றால் மட்டுமே இது நேர்ந்தது என்று கூறுவது நியாயமாகாது. கோயில், மெட்ரோ பணிமனை, பேருந்துப் பணிமனை என ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் கற்பிக்கப்பட்டது. மொத்தத்தில் ஆறு இழந்த இடம் எவ்வளவு என்று கணக்குக் கேட்கத்தான் ஆளில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுருங்கவிட்டதன் விலையை 2015 டிசம்பரில் சென்னை அறிந்துகொண்டதும் இப்படித்தான்.

பெருநகரங்களுக்கு வீடுகள் தேவை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. எங்கே என்பதுதான் கேள்வி. நில உபயோகத்தை மாற்றும் முன் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கோர வேண்டும் என்று 1957-ஆம் ஆண்டின் தில்லி வளர்ச்சிச் சட்டமே கூறுகிறது. நாளிதழின் மூலையில் ஓர் அறிவிப்பு வெளியிடுவதுடன் அந்தக் கடமை முடிந்துவிடாது. பாதிக்கப்படும் மக்களின் ஊருக்கே சென்று, அவர்களது மொழியில் திட்டத்தை விளக்கி, ஆட்சேபங்களுக்கு எழுத்துபூர்வமாகப் பதில் அளித்த பிறகே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். அதுவரை ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது.

ஊர் மக்கள் சொல்வதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அரசுக்குக் கௌரவக் குறைவு அல்ல. அவர்கள் சொல்லிக் கேட்காததை வெள்ளம் வந்து சொல்லும்போது, கேட்டும் பயனிருக்காது.