ஐந்து நாள் காய்ச்சலும் பிள்ளையின் இதயமும்

கொரோனா நம்மை விட்டுப் போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கிறோம். அது விட்டுச் சென்ற ஒரு பாடம் மட்டும் இன்னும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

2020 ஏப்ரலில் பிரிட்டனில் சில பிள்ளைகள் கடும் காய்ச்சல், வயிற்றுவலி, ரத்த அழுத்தக் குறைவோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். மே 15 அன்று உலக சுகாதார நிறுவனம் இதுபற்றி எச்சரித்தது. அதே மாதம் சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையில் 8 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்தப் பாதிப்பு கண்டறியப்பட்டது. உரிய சிகிச்சை கிடைத்ததால் அவன் குணமடைந்தான்.

கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவல் படை, கிருமி அடங்கிய பிறகும் அடங்காமல் சொந்த உறுப்புகளையே தாக்குவதுதான் இந்த நோய். தொற்று வந்து 2 முதல் 6 வாரங்கள் கழித்து வரும். தொற்று வந்ததே தெரியாத பிள்ளைக்கும் வரலாம்.

இதற்கு நெருக்கமான இன்னொரு நோய் கொரோனாவுக்கு முன்பே இருந்தது, இன்றும் இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967ல் அதை விவரித்தார். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்களையே தாக்கும். ரத்தக் குழாய்களில் அழற்சி ஏற்படும். சிகிச்சை தராவிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பிள்ளைக்கு இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய் வீங்கிவிடும். 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்து ஏற்றினால் அந்த ஆபத்து மிகவும் குறையும்.

அந்தப் பத்து நாட்களைத்தான் நம் வீடுகளில் இழக்கிறோம். உடம்பில் தடிப்பைக் கண்டதும் 'அம்மை போட்டிருக்கிறது' என்று வேப்பிலையோடு வீட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் மதம் பார்த்து வருவதில்லை. நம்மவர்கள் கூடுதலாக ஓதிப் பார்க்கவும் அழைத்து வருகிறார்கள். ஓதுவதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓதுபவர் முதலில் கேட்க வேண்டியது, "காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது?" என்பதுதான்.

ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, செம்புற்றுப்பழம் போன்ற நாக்கு, கை கால் வீக்கம், கழுத்தில் கட்டி, உடலில் தடிப்பு ஆகியவை கவாசாகியின் அடையாளங்கள். எல்லாம் ஒரே நாளில் தோன்றாது. ஒன்று வந்து மறைந்த பின் மற்றொன்று வரும். ஆகவே கண்டதைத் தேதியோடு குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, மூச்சுத்திணறல், சோர்ந்து மயங்கும் நிலை இருந்தால் ஐந்து நாள் வரை காத்திருக்கக் கூடாது.

வீராம்பட்டினம் போன்ற புதுச்சேரியின் கடற்கரை ஊர்களுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. ஒரு நாள் கூலி போகிறதே என்று கடலுக்குப் போகும் குடும்பம் தயங்குவது நமக்குப் புரிகிறது. துணைக்குப் போவதும், ஆட்டோவுக்குக் கொடுப்பதும் அண்டை வீட்டாரான நம் பொறுப்பு.

இன்னும் இரண்டு விஷயங்கள். இந்த நோய்க்கு ஆஸ்பிரின் தரப்படுகிறது என்று கேள்விப்பட்டு, நாமாக அதை வாங்கிக் கொடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அது வேறு ஆபத்தைத் தரலாம். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைச் சில மாதங்கள் தள்ளிப் போடுவார்கள். அந்தத் தேதியை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மருந்து ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்படுகிறது. யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்ததுதான் ஒரு பிள்ளையின் இதயத்தைக் காக்கிறது. ஜும்ஆ முடிந்து கலையும் முன் இந்த அடையாளங்களை ஐந்து நிமிடம் எடுத்துச் சொன்னால், அந்த வாரமே ஏதோ ஒரு வீட்டில் அது பயன்படக்கூடும், இன்ஷா அல்லாஹ்.