மானியம் யாருக்கு? மறையூர் மலைச்சாலை எழுப்பும் கேள்வி

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு சோதனைச் சாவடியைக் கடந்து மறையூர், மூணாறு நோக்கி ஏறும் மலைச்சாலையில் இரண்டு வகை வாகனங்கள் எதிரெதிரே கடந்து செல்கின்றன. ஒன்று, சந்தனக் காடுகளையும் முனியறைகளையும் காண நகரங்களிலிருந்து வரும் புத்தம் புதிய மின்சாரக் கார். மற்றொன்று, தோட்டத் தொழிலாளர்களையும் கரும்பு வெட்டுவோரையும், பழங்குடிக் குடியிருப்புகளுக்கான அரிசி மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் பழைய டீசல் ஜீப். முதலாவது சத்தமின்றிச் செல்கிறது. இரண்டாவது புகை கக்கியபடி ஏறுகிறது. சுற்றுச்சூழலின் பெயரால் வழங்கப்படும் சலுகைகள் முதலாவதற்கே போய்ச் சேருகின்றன. இரண்டாவதற்குக் கிடைப்பது கட்டண உயர்வும், காலாவதியான வாகனம் என்ற முத்திரையும்தான்.

மின்சாரக் கார்களுக்கான அரசுச் சலுகைகள் குறித்துக் கார் பிரியர்களிடையே நெடுநாளாகவே சூடான விவாதம் நடந்துவருகிறது. எந்த எந்திரம் சிறந்தது என்பதைச் சந்தை முடிவு செய்யட்டும், அரசு ஏன் ஒரு பக்கம் சாய வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். பெட்ரோலும் மின்சாரமும் இணைந்து இயங்கும் ஹைபிரிட் கார்களுக்கும் அதே சலுகை வேண்டும் என்பது இன்னொரு சாராரின் வாதம். உத்தரப் பிரதேச அரசு 2024 ஜூலையில் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தபோது, பெரும் கார் நிறுவனங்களே இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்றன. மின்சாரக் கார் வைத்திருப்போரோ, சார்ஜிங் நிலையங்கள் போதாத நிலையில் சலுகைகளைக் குறைப்பது நியாயமல்ல என்கின்றனர்.

இவ்வாதங்களில் உண்மை இல்லாமல் இல்லை. மலையேறும்போது மின்சாரக் காரின் பேட்டரி சமவெளியில் செலவாவதைவிட விரைவாகத் தீர்கிறது. இறங்கும்போது, பிரேக் போடுவதால் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மீண்டும் மின்சாரமாக்கிச் சேமிக்கிறது. வழியில் சார்ஜ் ஏற்ற வசதி இல்லையென்றால் பயணம் அச்சத்துடனேயே நடக்கும். ஆனால் இந்த விவாதம் முழுவதிலும் ஒரு கேள்வி எழுவதே இல்லை. காரே இல்லாதவர்களின் வரிப்பணத்தில் கார் வைத்திருப்போருக்குச் சலுகை வழங்கலாமா? 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியக் குடும்பங்களில் கார் வைத்திருப்பவை 7.5 சதவீதம் மட்டுமே. ஆக, எந்தக் காருக்குச் சலுகை என்று சண்டையிடுவது நூற்றில் எட்டுக் குடும்பங்களுக்குள் நடக்கும் சண்டை. மற்ற தொண்ணூற்றிரண்டு குடும்பங்கள் பேருந்துக்காகக் காத்து நிற்கின்றன.

ஒன்றிய அரசு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிய ஃபேம்-2 திட்டத்தில் தனிநபர் கார்களுக்கு நேரடி மானியம் இல்லை. பேருந்துகள், ஆட்டோக்கள், வாடகைக் கார்கள், இருசக்கர வாகனங்களுக்குத்தான் மானியம் தரப்பட்டது என்பதே அந்தப் பதில். உண்மைதான். ஆனால் முன்வாசலில் மறுக்கப்பட்டது பின்வாசல் வழியே தாராளமாக வழங்கப்பட்டது. அந்தப் பின்வாசலின் பெயர் வரிச் சலுகை. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு, மின்வாகனக் கடனுக்கான வட்டியில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமான வரிக் கழிவும் அறிவிக்கப்பட்டது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத ஆட்டோ ஓட்டுநருக்கு இந்தக் கழிவால் என்ன பயன்?

கணக்கைப் பார்த்தால் அநீதியின் அளவு விளங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஜிஎஸ்டி விகிதங்களின்படி, பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு வரி 40 சதவீதம். மின்சாரக் காருக்கோ, அதன் விலை எட்டு லட்சமாக இருந்தாலும் ஒரு கோடியாக இருந்தாலும், ஒரே 5 சதவீதம்தான். வரிக்கு முந்தைய விலை ஒரு கோடி ரூபாய் கொண்ட ஆடம்பர மின்சாரக் காரை வாங்கும் செல்வந்தருக்கு, அதே விலையுள்ள பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால், அரசு விட்டுக்கொடுக்கும் தொகை 35 லட்சம் ரூபாய். அதே 2025-26 நிதியாண்டில் மின்சார ஸ்கூட்டர் வாங்கும் தொழிலாளிக்குப் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் கிடைக்கும் அதிகபட்ச மானியம் 5,000 ரூபாய். முந்தைய ஆண்டு 10,000 ரூபாயாக இருந்ததைப் பாதியாக வெட்டியதன் விளைவு இது. ஏழை எளியோர் ஏறிச் செல்லும் டீசல் பேருந்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கோடீஸ்வரர் தனியாகச் செல்லும் காருக்கு 5 சதவீதம்!

இத்துடன் முடியவில்லை. 2024 மார்ச் 15 அன்று அறிவிக்கப்பட்ட மின்சாரக் கார் உற்பத்தித் திட்டம், 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்வதாக உறுதியளிக்கும் நிறுவனங்கள் ஆண்டுக்கு 8,000 கார்கள் வரை 15 சதவீத இறக்குமதி வரியில் கொண்டுவர அனுமதிக்கிறது. எந்தக் கார்கள்? 35,000 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ளவை. அதாவது விலை குறைந்த காருக்கு இந்தச் சலுகை கிடையாது. விலை உயர்ந்த காருக்கு மட்டுமே உண்டு. ‘உள்நாட்டில் தயாரிப்போம்’ என்ற முழக்கத்தின் பொருள் இதுதானா?

பொதுப் போக்குவரத்துக்கு என்ன கிடைக்கிறது? 2024 அக்டோபரில் தொடங்கி, பின்னர் 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்ட பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி ரூபாய். இதில் 4,391 கோடி ரூபாய் 14,028 மின்சாரப் பேருந்துகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் அவை 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒன்பது பெருநகரங்களுக்கு மட்டுமே என வரையறுக்கப்பட்டன. அப்பட்டியலில் கேரளத்தின் ஒரு நகரம்கூட இல்லை. தமிழகத்தில் சென்னை மட்டும் இடம்பெற்றது. மறையூர், காந்தளூர் போன்ற மலைக் கிராமங்கள் திட்டக்குழுவினரின் வரைபடத்திலேயே இல்லை. ஃபேம்-2இல் வாடகைக் கார்களுக்கு இருந்த மானியத்துக்கும் இத்திட்டத்தில் இடமில்லை. வாங்கப்படும் பேருந்துகளும் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுக்குச் சொந்தமாகவே இருக்கும். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என வாடகை கொடுக்கும். பணம் மக்களுடையது, பேருந்து முதலாளியுடையது, ஓட்டுநர் ஒப்பந்தத் தொழிலாளி. பசுமை மாற்றம் என்ற போர்வையில் நடப்பது தனியார்மயமே.

மாநில அரசுகளின் அணுகுமுறையையும் உரசிப் பார்க்க வேண்டும். தமிழக அரசு 2025 டிசம்பர் 31 வரை மின்வாகனங்களுக்குச் சாலை வரியில் முழு விலக்கு அளித்தது. ஸ்கூட்டருக்கும் ஆடம்பரக் காருக்கும் அதில் வேறுபாடு காட்டப்படவில்லை. கேரள அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை எல்லா மின்சாரக் கார்களுக்கும் 5 சதவீதமாக இருந்த வரி, 15 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு 8 சதவீதமாகவும், 20 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 10 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. கார் பிரியர்கள் இதை மின்வாகன விரோதம் என்று சாடினர். ஆனால் வாங்கும் திறனுக்கேற்ப வரி என்பது சரியான கொள்கை. அதிகரித்த பின்பும் அந்த வரி பெட்ரோல் கார்களுக்கான வரியைவிடக் குறைவுதான்.

எனினும் அதே வரவு செலவுத் திட்டம் 15 ஆண்டுகள் கடந்த தனியார் கார்கள், இருசக்கர வாகனங்களுக்கான வரியையும் 50 சதவீதம் உயர்த்தியதை மறைக்க வேண்டியதில்லை. பழைய வாகனத்தை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் விரும்பி ஓட்டவில்லை. புதியது வாங்க இயலாததால் ஓட்டுகின்றனர். ஒன்றிய அரசோ இன்னும் ஒருபடி மேலே சென்று, 20 ஆண்டுகளைக் கடந்த இலகுரக வாகனங்களின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. மாற்று வழி காட்டாமல் தண்டம் மட்டும் விதிப்பது சுற்றுச்சூழல் கொள்கை ஆகாது.

மறையூர் பகுதியில் ஜீப் என்பது பொழுதுபோக்கு அல்ல. பேருந்து செல்லாத முதுவர் குடிகளுக்கு அதுவே பேருந்து. பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு அதுவே ஆம்புலன்ஸ். வெல்லத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் கரும்பு விவசாயிக்கு அதுவே லாரி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தின் புகழ் உலகறியும். அதைச் சுமந்து இறங்கும் ஜீப் ஓட்டுநரின் கடன் சுமையை யாரறிவார்? டீசல் வாகனங்களை மின்வாகனமாக மாற்றியமைக்கும் தொழில்நுட்பம் நாட்டில் உள்ளது. விதிகளும் அதை அனுமதிக்கின்றன. ஆனால் அதற்கான உதவி பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை.

காலநிலை மாற்றம் கற்பனையான அபாயம் என்று இப்பகுதி மக்களிடம் யாரும் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்த 70 உயிர்களை விழுங்கியது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்களில் எத்தனை பேர் வாழ்நாளில் சொந்தக் கார் ஓட்டியிருப்பார்கள்? வளிமண்டலத்தில் கரியைக் கொட்டியவர்கள் வேறு; அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் வேறு. ஆகவே மின்வாகன மாற்றம் வேண்டும் என்பதில் உழைக்கும் மக்களுக்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அந்த மாற்றத்தின் செலவை யார் சுமப்பது, பயனை யார் பெறுவது என்பதே கேள்வி.

வழி இல்லாமல் இல்லை. சீனத்தின் ஷென்ஜென் நகரம் 2017 இறுதிக்குள் தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் அனைத்தையும் மின்மயமாக்கிக் காட்டியது. மின்சாரக் கார்களுக்கு முழு வரி விலக்கு அளித்து உலகின் கவனத்தை ஈர்த்த நார்வேகூட, 2023 முதல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு மதிப்புக்கூட்டு வரி விதிக்கத் தொடங்கியது. கேரளத்தின் பொதுத்துறை நிறுவனமான கேரள ஆட்டோமொபைல்ஸ் 2019இலேயே ‘நீம்-ஜி’ மின்சார ஆட்டோவை உருவாக்கியது. கேரள மின்வாரியம் மின்கம்பங்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சார்ஜிங் முனைகளை அமைத்தது. பொதுத்துறையால் முடியாதது ஒன்றுமில்லை. ஆட்சியாளர்களின் விருப்பமும் நிதியும்தான் தேவை.

மின்வாகனம் ஓட மின்சாரம் வேண்டும். 1940இல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையமும், 780 மெகாவாட் திறன் கொண்ட இடுக்கித் திட்டமும் இதே மாவட்டத்தில் எழுந்தவை. உடுமலையைச் சுற்றிக் காற்றாலைகள் சுழல்கின்றன. தொழிலாளர்களின் வியர்வையில் எழுந்த இந்த மின்கட்டமைப்பின் பாதைகளைத் தனியார் விநியோகஸ்தர்களுக்குத் திறந்துவிடும் மின்சாரச் சட்டத் திருத்த வரைவை ஒன்றிய அரசு 2025 அக்டோபரில் வெளியிட்டது. நாளை வாகனங்கள் அனைத்தும் மின்சாரத்தில் ஓடும்போது, விலையை நிர்ணயிப்பவர் தனியார் முதலாளியாக இருந்தால், பெட்ரோல் நிலையத்தில் நடந்த கொள்ளை சார்ஜிங் நிலையத்துக்கு இடம் மாறும்; அவ்வளவே.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். விலைக்கேற்ப மின்சாரக் கார்களின் ஜிஎஸ்டி விகிதம் உயர்த்தப்பட வேண்டும். அதில் கிடைக்கும் வருவாய், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சொந்தமாக மின்சாரப் பேருந்துகள் வாங்கவும் மலைப்பகுதிகளுக்கு அவற்றை இயக்கவும் பயன்பட வேண்டும். ஆட்டோ, ஜீப், வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு மானியமும் பொதுத்துறை வங்கிகளின் குறைந்த வட்டிக் கடனும் வழங்க வேண்டும். அதுவரை அவர்களது பழைய வாகனங்கள்மீது சுமத்தப்பட்ட கட்டண உயர்வு திரும்பப் பெறப்பட வேண்டும். அரசின் உற்பத்தி ஊக்கத்தொகை பெறும் நிறுவனங்களில் நிரந்தர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் நிபந்தனையாக்கப்பட வேண்டும்.

2015 செப்டம்பரில் மூணாறு வீதிகளில் அமர்ந்து, பெரும் தோட்ட நிர்வாகத்தைப் பேச்சுவார்த்தைக்கு இறக்கியவர்கள் இந்த மலையின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள். தங்களுக்குரியதைக் கேட்டுப் பெறும் வழியை அவர்கள் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். மின்சார யுகத்தின் முதல் பேருந்து மறையூர் மலைச்சாலையில் ஏறும் நாள் தானாக வந்துவிடாது. போக்குவரத்துத் தொழிலாளர்களும் மின்வாரியத் தொழிலாளர்களும் விவசாயிகளும் பழங்குடி மக்களும் கரம் கோத்துப் போராடினால்தான் அந்த நாள் விடியும்.