இணைப்பில் இருக்கிறது கட்டடத்தின் உயிர்

2001-ஆம் ஆண்டு குடியரசு நாளன்று காலை குஜராத்தின் கட்ச் பகுதியை உலுக்கிய நிலநடுக்கம், 200 கி.மீ.க்கும் அப்பாலுள்ள ஆமதாபாதிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றைச் சாய்த்தது. இத்தனைக்கும் அந்நகரம் இருந்தது, மிதமான அபாயம் கொண்ட மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில்தான்.

வாகனங்களை நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றி விட்டது ஒரு காரணம். அதிகம் பேசப்படாத மற்றொரு காரணம், தூணும் உத்திரமும் சந்திக்கும் இணைப்பில் கம்பிகளுக்குப் போதிய பிடிமானம் இல்லாதது.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையைத் தாங்க வேண்டியது கம்பி. சாதாரண நாள்களில் தூணை ஒட்டிய பகுதியில் உத்திரத்தின் மேற்கம்பிகளே இழுபடுகின்றன. எனவே, அடிக்கம்பிகளைத் தூணுக்குள் சிறிதளவு நுழைத்து நிறுத்திவிடுவதும் நடக்கிறது. நிலநடுக்கமோ கட்டடத்தை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அப்போது அடிக்கம்பியும் மாறிமாறி இழுபடும். பிடிமானம் போதாவிட்டால் தூணிலிருந்து உருவிக்கொண்டு வரும்.

தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களும் அவ்வாறே. அவற்றின் முனையை 90 பாகையில் மடித்தால், வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் விரிந்துவிடும். 135 பாகையில் உள்நோக்கி மடித்தால், கொக்கி தூணின் நடுப்பகுதியைக் கவ்விப் பிடிக்கும். பல திசைக் கம்பிகள் நெருக்கியடிக்கும் இணைப்புக்குள் வளையம் கட்டுவது கடினம் என்பதால், வளையம் மிகவும் தேவைப்படும் அந்த இடத்திலேயே அது விடுபட்டுப் போகிறது.

இவற்றையெல்லாம் வகுத்துரைக்கும் ஐ.எஸ். 13920 என்னும் இந்தியத் தர விதி 1993-லேயே வெளியாகிவிட்டது. ஆயினும், ஆமதாபாதில் இடிந்த கட்டடங்கள் பலவற்றில் அதன் சுவடே காணப்படவில்லை. ஏட்டிலிருந்த விதி கம்பி கட்டுபவரின் கைக்கு வந்து சேரவில்லை.

இது எங்கோ நடந்த கதை அன்று. 2002-இல் திருத்தப்பட்ட வரைபடம், இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னையை ஆமதாபாத் இருந்த அதே மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது.

கான்கிரீட்டின் வலிமையைப் பின்னர்கூடச் சோதித்தறியலாம். உள்ளே மறைந்த கொக்கியின் கோணத்தைச் சரிபார்ப்பது எளிதன்று. திருத்துவது அதனினும் கடினம். ஆகவே, ஒவ்வொரு தளத்திலும் கான்கிரீட் இடுவதற்கு முன்பே பொறியாளர் இணைப்புகளை நேரில் ஆய்ந்து, புகைப்படத்துடன் கையொப்பமிட்ட பதிவை அளிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வீடு வாங்குவோருக்கும் அதன் நகல் கிடைக்க வேண்டும். கம்பி கட்டும் தொழிலாளர்களுக்கு முறையான பயிற்சியும், இணைப்பில் செலவாகும் கூடுதல் நேரத்துக்கு உரிய கூலியும் தரப்பட வேண்டும்.

சுவரின் வண்ணத்தையும் தரையின் பளபளப்பையும் பார்த்து வீடு வாங்குகிறோம். நம்மைக் காக்கப்போவது கண்ணுக்குத் தெரியாத கம்பியின் மடிப்பு. அதைக் கேட்டறியும் உரிமை நமக்கு உண்டு. கேட்க வேண்டிய நேரம், கான்கிரீட் கலவை வந்து இறங்குவதற்கு முன்பு.