பேரம் பேசும் தகுதி யாருக்கு?

2010 டிசம்பர் 14 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. தற்காலிகப் பணியாளர்களின் பெயரால் கிறிஸ்தவத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நிறுவிய கூட்டமைப்புக்குக் கூட்டுப்பேரம் பேசும் தகுதியே இல்லை என்பது அத்தீர்ப்பு. வழக்கைத் தொடுத்தவர்கள் முதலாளிகள் அல்லர். வெர்டி என்னும் சேவைத்துறைத் தொழிற்சங்கமும் பெர்லின் மாநில அரசும்தான். ஒரு தொழிற்சங்கமே இன்னொரு தொழிற்சங்கத்தின் பேர உரிமையை எதிர்த்து வழக்காட வேண்டிய நிலை ஏன் வந்தது? ஸ்ரீபெரும்புதூரின் ஆலைத் தொழிலாளருக்கும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் இக்கேள்வியில் பங்கு உண்டு.

மலிவு விலை ஒப்பந்தம்

ஆள்வழங்கு நிறுவனங்கள் மூலம் ஆலைக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்கு, அந்த ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்குரிய ஊதியமே தரப்பட வேண்டும் என்ற விதியை ஜெர்மன் நாடாளுமன்றம் 2002 இறுதியில் இயற்றியது. கூடவே ஒரு கதவையும் திறந்துவைத்தது. கூட்டு ஒப்பந்தம் ஒன்று இருந்தால் அவ்விதியிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதே டிசம்பரில்தான் மேற்சொன்ன கிறிஸ்தவக் கூட்டமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டிலிருந்தே ஆள்வழங்கு நிறுவனங்களுடன் குறைந்த ஊதிய ஒப்பந்தங்களில் அது கையெழுத்திட்டது. அத்துறையில் அதற்கு உறுப்பினர் பலம் சொற்பம். வேலைநிறுத்த வரலாறு இல்லை. முதலாளிக்குத் தேவைப்பட்டது ஒரு கையெழுத்து, அது கிடைத்தது. அந்த ஒப்பந்தங்கள் காட்டிய அடிமட்டம் மற்றச் சங்கங்களின் பேரத்தையும் கீழே இழுத்தது.

தீர்ப்புக்குப் பின் தொழிலாளர்கள் ஊதிய நிலுவை கேட்டு வழக்குத் தொடுத்தனர். நிறுவனங்களிடம் சமூகக் காப்பீட்டு நிலுவை கோரப்பட்டது. 2021 ஜூனில் டி.எச்.வி. என்ற மற்றொரு கிறிஸ்தவச் சங்கமும் இதே நீதிமன்றத்தில் பேரத் தகுதியை இழந்தது.

சிலுவையல்ல சிக்கல்

இதிலிருந்து, மதப்பெயர் தாங்கிய சங்கமெல்லாம் துரோகச் சங்கம் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அது தவறு. 2006இல் உலோகத் துறையின் கிறிஸ்தவச் சங்கத்துக்குப் பேரத் தகுதி உண்டு என்று தீர்ப்பளித்ததும் இதே நீதிமன்றம்தான். அது வைத்த அளவுகோல் மதம் அல்ல. எதிர்த்தரப்பைப் பணியவைக்கும் ஆற்றல் சங்கத்துக்கு உண்டா என்பதே.

வரலாறும் இரு முகம் காட்டுகிறது. 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட சுற்றுமடல் சோசலிசத்தைக் கண்டித்தது, தனிச்சொத்தைப் புனிதமாக்கியது, அதே மூச்சில் நியாயமான ஊதியத்தையும் தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையையும் ஏற்றது. வர்க்கப் போராட்டத்துக்கு அணை கட்ட எழுந்த இயக்கம்தான். எனினும் ஆலைக்குள் நுழைந்த பிறகு அணை அணையாகவே இருக்கவில்லை. பிரான்சில் 1919இல் தோன்றிய கிறிஸ்தவத் தொழிற்சங்க மையத்தின் பெரும்பான்மையினர் 1964இல் பெயரிலிருந்தே மதத்தை நீக்கினர். பெல்ஜியத்தில் கிறிஸ்தவ மைய அமைப்பே நாட்டின் ஆகப்பெரிய தொழிற்சங்கம். சோசலிஸ்ட் சங்கத்துடன் தோளோடு தோள் நின்று பொது வேலைநிறுத்தங்கள் நடத்துகிறது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1959இல் ஈ.எம்.எஸ். அரசைக் கவிழ்க்க முன்நின்றவர் பாதிரியார் ஜோசப் வடக்கன். 1961இல் அமராவதியில் குடியேறிய விவசாயிகள் வெளியேற்றப்பட்டபோது, உண்ணாவிரதம் இருந்த ஏ.கே.ஜி.யின் பக்கம் நின்றவரும் அவரே. மனிதரை மாற்றியது மறுபோதனை அல்ல, வாழ்க்கை.

ஆனால் பிளவுக்கு ஒரு விலை உண்டு. 1933இல் ஹிட்லர் ஆட்சி முதலில் சோசலிஸ்ட் சங்கங்களை அழித்தது. சில வாரங்களில் கிறிஸ்தவச் சங்கங்களையும் விழுங்கியது. அந்தப் பாடத்தால்தான் 1949இல் இரு தரப்பும் சேர்ந்து ஒரே தொழிற்சங்க மையம் கண்டன. 1955இல் ஒரு பகுதி மீண்டும் தனிக்கிறிஸ்தவச் சங்கம் நோக்கிப் பிரிந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் ஆள்வழங்கு முதலாளிகளுக்குக் கை கொடுத்தது அந்தப் பிரிவின் வாரிசுகளே.

இங்கே நடப்பது

இந்தியாவில் மதத்தின் பெயரால் உழைப்பாளரைப் பிரிக்கும் பெரும் முயற்சி வேறு திசையிலிருந்து வந்தது. 1955 ஜூலை 23 அன்று போபாலில் நிறுவப்பட்ட பாரதிய மஸ்தூர் சங்கம் மே தினத்தை ஏற்பதில்லை; விஸ்வகர்மா ஜெயந்தியைத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடுகிறது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து 2025 ஜூலை 9 அன்று மத்தியத் தொழிற்சங்கங்கள் நடத்திய பொது வேலைநிறுத்தத்தில் அது கலந்துகொள்ளவில்லை. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன.

தொழிலுறவுத் தொகுப்பின்படி, வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் 51 சதவிகிதத்தினரைக் கொண்ட சங்கமே தனிப்பேரச் சங்கம். அப்படி ஒன்று இல்லையெனில், 20 சதவிகிதத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் பேரக் குழு. பதிவேடு நிர்வாகத்தின் கையில். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரோ ஒப்பந்ததாரரின் பதிவேட்டில். நிர்வாகத்துக்கு இணக்கமான சங்கம் ஒன்றை வளர்த்தெடுக்க இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன?

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய 37 நாள் வேலைநிறுத்தம் சொன்னதும் இதுவே. தொழிலாளர் கேட்டது தாங்கள் அமைத்த சங்கத்துக்குப் பதிவும் அங்கீகாரமும். போராட்டத்தின் நடுவிலேயே நிர்வாகம் அச்சங்கத்தை ஒதுக்கிவிட்டு, தொழிலாளர் குழு ஒன்றுடன் உடன்பாடு கண்டது. உயர் நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில்தான் சங்கப் பதிவு கிடைத்தது. அங்கே மதம் இல்லை. ஆனால் ஜெர்மனியில் நடந்த அதே விளையாட்டு இருந்தது: யாரோடு பேசுவது என்பதை முதலாளியே தேர்ந்தெடுப்பது.

பேரத்துக்கு வெளியே தள்ளப்பட்டோர்

லேக் மார்க்கெட்டையும் ராஷ்பிஹாரி அவென்யூவையும் சூழ்ந்த வீடுகளுக்குத் தெற்கு 24 பர்கனாவிலிருந்து புறநகர் ரயிலேறி வரும் பெண்களை எண்ணிப் பாருங்கள். கேனிங் ரயிலுக்கு இந்நகரம் 'ஜீ ஸ்பெஷல்' என்று பெயர் சூட்டியிருக்கிறது. வேலைக்காரி வண்டி என்று பொருள். அவர்களுள் வேலைக்காகத் தம் பெயரையே மாற்றிச் சொல்ல நேரும் இஸ்லாமியப் பெண்களும் உண்டு. இவர்களை மதவாரியாகத் திரட்டுவது என்பது, ஒருத்தி கூலி கேட்டால் இன்னொருத்தியை அழைக்கும் வசதியை வீட்டுக்காரருக்கு வழங்குவதே. அந்த வீட்டுக்காரர்களுள் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

தொழிலுறவுத் தொகுப்பு 'தொழில்' என்பதன் வரையறையிலிருந்தே வீட்டுவேலையை நீக்கிவிட்டது. 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. இத்துறையில் 1985 முதல் தேசிய வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கத்தைக் கட்டியவர் பெல்ஜியக் கன்னியாஸ்திரி ஜீன் டெவோஸ். அவரது விசுவாசம் அவருடையது. அவர் எழுப்பிய கோரிக்கை வர்க்கத்தினுடையது. அத்தகையோரோடு கைகோக்க இடதுசாரிகள் தயங்கக் கூடாது.

அதே தொகுப்பு, அறப்பணி அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களையும் 'தொழில்' என்பதிலிருந்து விலக்குகிறது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, மருத்துவமனை, கல்விக்கூடம், அறநிறுவனம் ஆகியவற்றையும் தொழில் என்று கொண்டது. அந்தப் பாதுகாப்பே இப்போது தகர்க்கப்படுகிறது. ஜெர்மனியில் தேவாலய நிறுவனங்களின் ஊதியம் பெரும்பாலும் கூட்டுப்பேரத்தால் அல்லாமல் அவற்றின் சொந்தக் குழுக்களால் முடிவாகிறது. இங்கோ அந்தக் குழுவும் இல்லை. மடமானாலும் மிஷனானாலும் அங்கே தரை துடைப்பவர் தொழிலாளியே, தொண்டர் அல்லர்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. பேரச் சங்கம் எது என்பதை நிர்வாகத்தின் பதிவேடு அல்ல, ஒப்பந்தத் தொழிலாளரும் வாக்களிக்கும் இரகசிய வாக்கெடுப்பு தீர்மானிக்கட்டும். வீட்டுவேலையும் அறநிறுவனப் பணியும் சட்டத்தின் குடைக்குள் வரட்டும். எந்த ஒப்பந்தமும் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற நெறிக்குக் கீழே இறங்கக் கூடாது. சங்கத்தின் கொடியில் சிலுவையா, தாமரையா, சுத்தியலா என்பதைவிட, அச்சங்கம் யாரிடம் கணக்கு ஒப்புவிக்கிறது என்பதே கேள்வி. உறுப்பினரிடம் ஒப்புவிக்கும் சங்கத்தோடு ஒன்றுபடுவோம். முதலாளியிடம் ஒப்புவிக்கும் சங்கத்தை அம்பலப்படுத்துவோம்.