ஒத்தக் கால் சர்டிபிகேட்

எங்கள் பழங்காநத்தம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் எவனுக்காவது தலையில் பந்து பட்டால், உடனே மருத்துவக் குழு கூடிவிடும். விக்கெட் கீப்பர்தான் தலைமை டாக்டர்.

"மாப்ள, இது எத்தனை விரல்?"

"ரெண்டு."

"ஒத்தக் கால்ல நில்லு."

நிற்பான்.

"ஒண்ணும் இல்லடா, ஆடு!"

சிரிக்காதீர்கள். நிஜ டாக்டர்களும் ஒத்தக் காலில் நிற்கத்தான் சொல்கிறார்கள். 'பெஸ்' என்று ஒரு சோதனை. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவானது. கண்ணை மூடி, இடுப்பில் கை வைத்து, மூன்று விதமாக நிற்க வேண்டும்: கால்களைச் சேர்த்து, ஒத்தக் காலில், ஒரு பாதத்துக்குப் பின்னால் மறு பாதத்தை ஒட்டி. ஒவ்வொன்றும் 20 விநாடி. தரையில் ஒரு தடவை, மெத்தென்ற ஃபோம் மேல் ஒரு தடவை. கண்ணைத் திறந்தால், கையை எடுத்தால், தடுமாறினால் தப்புக் கணக்கு ஏறும்.

கேட்க ஜோராக இருக்கிறது. வில்லங்கமும் உண்டு. ஒரே ஆளைப் பார்த்து ரெண்டு பேர் எண்ணினால் ரெண்டு கணக்கு வரும். ஓடிக் களைத்தவனுக்கு அடி படாமலே தப்பு கூடும். நின்று பழகியவனுக்குக் குறையும். பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குக் கம்பியைப் பிடிக்காமல் டவுன் பஸ்ஸில் நின்றபடி போகிற நாமெல்லாம் டிஸ்டிங்ஷனே வாங்குவோம்! தவிர, அடி படுவதற்கு முன் எடுத்து வைத்த கணக்கு இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம்ம டீமில் ரன் எழுதவே நோட்டு கிடையாது.

முக்கியமான சங்கதி: மூளை குலுங்கியவனுக்குத் தள்ளாட்டம் பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். தலைவலியும் மந்தமும் அதற்குப் பிறகும் இருக்கலாம்.

2019 ஆகஸ்ட், லார்ட்ஸ். ஆர்ச்சர் போட்ட பந்து ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதனைகளில் பாஸாகி, முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து 92 வரை அடித்தார். மறுநாள் காலை தலைவலி, மந்தம். அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார்.

1998 பிப்ரவரி, டாக்கா. ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற நம் ராமன் லாம்பாவுக்குத் தலையில் அடி. தானாகவே நடந்து வெளியே போனார். மூன்றே நாளில் இறந்துபோனார். மூளையில் ரத்தக் கசிவு.

ஆகவே நான் சொல்வது இதுதான்: ஒத்தக் கால் சோதனையில் ஃபெயில் ஆனவனை வெளியே உட்கார வையுங்கள். பாஸானவனையும் உட்கார வையுங்கள். பைக் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி தனியாக விடாதீர்கள். வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், எழுப்பினால் எழாத தூக்கம் என்றால் நேரே பெரியாஸ்பத்திரி.

விக்கெட் கீப்பரிடம் செகண்ட் ஒப்பீனியன் வேண்டாம்.